பங்குக்கு வாங்கிய புத்தகம்

கீழக்கரை
11–1–1953

மதிப்பிற்குரிய காக்கா அவர்களுக்குத் தங்கை மலிகா ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. அல்லாஹ் உதவியால் உம்மாவும் நானும் என் மகள் சபுராவும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? அச்சாபீஸ் வேலை மார்புக்கு ஆகாது, வேறு வேலை பார்த்தால் என்ன என்று உம்மா தினமும் கேட்கிறார்கள். உங்கள் கல்யாணப் பேச்சையும் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

நீங்கள் மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கி அனுப்பிய நாவல்கள் வந்து சேர்ந்தன. இரண்டில் கடைசிப் பக்கங்கள் இல்லை. அடுத்த வீட்டு ஹமீதா பானுவும் நானும் ஆளுக்கு ஒரு முடிவு கட்டிச் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் சம்பளம் எனக்குத் தெரியும். ஆனாலும் காக்கா, எல்லோரும் இப்போது படிக்கிற ஒரு புத்தகத்தை நாமும் இப்போதே படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை இருக்கிறது. வாரப் பத்திரிகையில் புது நாவல் விளம்பரம் வந்தால் அந்த விளம்பரத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ஆண்கள் வாசகசாலைக்குப் போய்விடுகிறார்கள். பெண்கள் எங்கே போவது?

அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறோம். ஹமீதா பானு, உங்கள் மச்சானுடன் பிறந்த லாத்தா காலிதா மதினி, நான், மூன்று பேரும் காசு போட்டு ஒரு புதுப் புத்தகம் வாங்குவது. இங்கே ஓலைப்பெட்டி வாங்க வருகிற செல்லச்சாமி அண்ணன் ராமநாதபுரத்துக் கடையில் எடுத்து வந்து தருவதாக ஒப்புக்கொண்டார். முறை வைத்துப் படிக்க வேண்டும். கடைசியாகப் படிப்பவள் வீட்டில் புத்தகம் தங்கிவிடும். முதல் முறை எனக்கு வராவிட்டாலும் பரவாயில்லை.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். கொழும்பிலிருந்து சபுராவின் வாப்பா, உங்கள் மச்சான், காசு அனுப்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடிதமும் இல்லை. பெட்டி முடைந்து விற்றுத்தான் அடுப்பு எரிகிறது. உம்மாவிடம் கொழும்புக் காசு வந்தது என்று சொல்லி அதைக் கொடுக்கிறேன். ஓயாமல் ஏன் முடைகிறாய் என்று கேட்டால், புத்தகப் பங்குக்கு என்கிறேன். உம்மா நம்புகிறார்கள். ஊரும் நம்புகிறது. வேறு எவருக்கும் தெரியாது. படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.
மலிகா


சென்னை, மண்ணடி
2–2–1953

அன்புத் தங்கை மலிகாவுக்குக் காக்கா அகமது கபீர் துஆவுடன் எழுதியது. நான் நலம். இருமல் பனி போனால் போய்விடும் என்று உம்மாவிடம் சொல். உம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? சபுரா பள்ளிக்கூடம் போகிறாளா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலையில் கருத்துச் செல்லவில்லை. பிழை திருத்துகிறவன் ஒரு பக்கம் முழுவதையும் பிழையோடு விட்டுவிட்டேன், முதலாளி ஏசினார். இத்தனை நாளாக இதை நீ தனியாகவா சுமந்தாய்? நான் அனுப்புவது உம்மாவின் மருந்துக்கே காணாது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் முடியவில்லை என்று எழுதக் கை கூசுகிறது.

ஒன்று செய். மனத்தில் உள்ளதையெல்லாம் எனக்கு எழுது, பாரம் குறையும். உம்மாவிடம் அந்தக் காசைக் கொடுக்கும்போது என்ன சொல்வாய்? அவர்கள் அதை எப்படி வாங்கிக்கொள்வார்கள்? கொழும்பிலிருந்து யாரும் வராத மாதத்தில் என்ன செய்கிறாய்? மச்சானைப் பற்றி ஏதும் காதில் விழுந்ததா? சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே. நீ எழுதினால் நேரில் பார்ப்பது போல இருக்கிறது.

கடிதங்களைப் பற்றிக் கவலைப்படாதே. அவை என்னிடம் பத்திரம்.

துஆவுடன்,
அகமது கபீர்


கீழக்கரை
8–3–1953

மதிப்பிற்குரிய காக்காவுக்கு மலிகாவின் ஸலாம். எல்லோரும் சுகம். உம்மாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நீங்கள் சாப்பாட்டு நேரம் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?

எழுதினால் பாரம் குறையும் என்றீர்கள். எழுதிப் பார்க்கிறேன்.

கொழும்பிலிருந்து யாராவது ஊருக்கு வந்தால்தான் என் பொய்க்கு வழி. போன மாதம் நம் தெரு பாக்கர் காக்கா வந்திருந்தார். அவருக்கும் மச்சான் கடை இருக்கிற தெருவிலேயே கடை. நான் அவர் வீட்டுக்குப் போனேன். காசு கேட்கப் போகவில்லை. நான் போய்விட்டு வருவதை உம்மா பார்க்க வேண்டும், அதற்காகப் போனேன். செல்லச்சாமி அண்ணன் பெட்டிக்குக் கொடுத்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு போய், அதே முடிச்சோடு திரும்பி வருவதாகக் கணக்கு.

போன இடத்தில் பாக்கர் காக்கா என்னை இருக்கச் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். பிறகு சொன்னார்: “தங்கச்சி, மனச விட்டுறாதீக. உங்க மாப்பிள்ள சுல்தானுக்கு அங்கன ஒரு குடும்பம் ஆயிருச்சு. ஆம்பளப் புள்ளையும் இருக்கு. உங்கள்ட்ட மறைக்க எனக்கு மனசு வரல.”

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அவர்கள் இரண்டு பேரிடமும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சந்து வழியாக வரும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். காசு அப்படியே இருந்தது. ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உம்மா கையில் கொடுத்தேன். “இந்தத் தடவ சுணங்காம அனுப்பிட்டாரே” என்று சொல்லி உம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மச்சான் பெயரைச் சொல்லி, அவர் வியாபாரம் பெருக வேண்டும் என்று துஆ கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமீன் சொன்னேன்.

போதும் காக்கா. எழுதியதில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் இதை யாரிடம் சொல்லியிருப்பேன்? இதையும் கிழித்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.
மலிகா


சென்னை, மண்ணடி
16–6–1953

அன்புத் தங்கைக்குக் காக்காவின் பெருநாள் வாழ்த்து. உம்மாவுக்கு என் ஸலாம். இங்கே நான் சுகம். பெருநாளைக்கு ஊருக்கு வர முடியாமல் போனதை உம்மா மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

உன் கடிதங்கள் நாலும் வந்தன. உடனே பதில் போடவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். வேலை முடிந்து வந்து சில மாதங்களாக ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். நீளமாகப் போய்விட்டது. இங்கே ஒரு பதிப்பாளர் படித்துப் பார்த்துப் புத்தகமாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நடக்கும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். நடந்தால் நம் கஷ்டம் கொஞ்சம் தீரும். உம்மாவுக்கு நல்ல வைத்தியரிடம் காட்டலாம்.

என்ன கதை என்று கேட்டு எழுதாதே. அச்சாகி வரட்டும்.

மச்சான் விஷயத்தில் நீ காட்டுகிற பொறுமைக்கு அல்லாஹ் கூலி தருவான்.

துஆவுடன்,
அகமது கபீர்


கீழக்கரை
9–8–1953

அன்பும் மதிப்பும் மிக்க காக்கா அவர்களுக்கு மலிகா, உம்மா, சபுரா மூன்று பேருடைய ஸலாமும். நாங்கள் சுகம். சுகத்துக்கு மேல் சுகம் என்று எழுத வேண்டும்.

நேற்று ஹமீதா பானு பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லை வழியாக ஓடிவந்தாள். பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள். விளம்பரத்தில் உங்கள் பெயர். ‘கொழும்புக் காசு. அகமது கபீர் எழுதிய புதிய நாவல். கீழைக் கடற்கரை முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கண்ணீர்க் கதை.’ சபுரா அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “இது நம்ம மாமாவா?” என்று கேட்டாள். உம்மாவுக்குத்தான் எழுத்து தெரியாதே, உங்கள் பெயர் இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள்.

நம் ஊரில் எந்த வீட்டில் இல்லை கொழும்புக் காசு? நல்ல பெயராகத்தான் வைத்திருக்கிறீர்கள். காலிதா மதினிகூட, நம் சனங்களைப் பற்றி நம் பிள்ளை எழுதியிருக்கிறது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

பழைய புத்தகங்களுக்கு நடுவே நமக்கு ஒரு புதுப் புத்தகம் சும்மா கிடைக்கப் போகிறது என்று ஹமீதா பானு சொல்கிறாள். எழுதியவருக்குப் பிரதிகள் கொடுப்பார்களாமே? தபால் வரும் நேரமெல்லாம் வாசல் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். அனுப்பும்போது உங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உம்மாவின் பெயரும் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கை மலிகா


சென்னை, மண்ணடி
30–8–1953

அன்புத் தங்கை மலிகாவுக்குக் காக்கா எழுதியது. எல்லோருடைய நலத்துக்கும் துஆ செய்கிறேன். எனக்கு இருமல் மறுபடி கொஞ்சம் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

விளம்பரம் அங்கே வரும் என்று நான் எண்ணவில்லை. எனக்குக் கொடுத்த சில பிரதிகளும் மதிப்புரைக்கும், தெரிந்த பெரியவர்களுக்குமே போய்விட்டன. என் கையில் ஒன்றும் இல்லை. கடையில் வாங்கி அனுப்பலாம் என்றால் விலையை மூன்று ரூபாய் வைத்துவிட்டார்கள். நானே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தக் காசுக்கு உன் வீட்டில் வேறு செலவு இருக்கிறது. நீ அதற்காக ஓலை முடைந்து கையைப் புண்ணாக்கிக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. அடுத்த வருஷம் மலிவுப் பதிப்பு வரும். அப்போது பார்க்கலாம்.

அதோடு, பெரிதாக எதிர்பார்க்காதே. பட்டணத்து வாசகர்களுக்காக எழுதியது. உங்களுக்கு அலுப்பாக இருக்கும். உம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரியான புத்தகம் அல்ல. அவர்களிடம் பக்குவமாகச் சொல்லி வை.

துஆவுடன்,
அகமது கபீர்


கீழக்கரை
4–10–1953

மதிப்பிற்குரிய காக்காவுக்கு மலிகாவின் ஸலாம். எல்லோரும் சுகம். இருமலுக்குத் தேனில் கருஞ்சீரகம் போட்டுச் சாப்பிடச் சொல்லி உம்மா எழுதச் சொன்னார்கள்.

உங்கள் கடிதம் கண்டு ஒரு நாள் வருத்தமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். நாங்கள் காசு செலவழிப்பதை நினைத்துத்தானே நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்? எங்கள் காக்கா எழுதிய புத்தகத்தை எங்கள் காக்கா சொன்னார் என்பதற்காக வாங்காமல் இருக்க முடியுமா? முன்பின் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் பங்கு போட்டு வாங்கினோம். உங்களுடையதை மலிவுப் பதிப்பு வரும்வரை காத்திருந்து வாங்கினால் ஊரில் என்ன நினைப்பார்கள்?

ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுவிட்டோம். காலிதா மதினி முதல் ஆளாகக் கொடுத்தார்கள். ஹமீதா பானு கோழி முட்டை விற்றுக் கொடுத்தாள். என் பங்குக்கு வண்ண ஓலையில் மூடி வைத்த பெட்டிகள் கூடுதலாக முடைந்தேன். செல்லச்சாமி அண்ணனிடம் எழுதியவர் என் கூடப் பிறந்தவர் என்று சொன்னேன். கடைக்காரரிடம் பேசி ஓர் இரண்டணா குறைக்கப் பார்க்கிறேன் என்றார். பெட்டிக்கு எனக்கு ஒரு காலணா கூட்டிக் கொடுக்காத மனிதர், உங்களுக்காகப் பேரம் பேசப் போகிறார்.

இந்த முறை படிக்கிற வரிசைக்குச் சீட்டுப் போடவில்லை. தங்கச்சிக்குத்தான் முதல் உரிமை என்று சொல்லிவிட்டார்கள். நம் வீட்டுக் கூடத்தில் லுஹர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து நான் சத்தமாக வாசிக்க வேண்டும், உம்மா கேட்க வேண்டும் என்று முடிவு. அதன் பிறகு புத்தகம் ஹமீதா பானுவுக்கு, அப்புறம் மதினிக்கு.

உம்மாவுக்கு அலுக்கும் என்றீர்கள். பெற்ற பிள்ளை எழுதியது அலுக்குமா?

வஸ்ஸலாம்.
மலிகா


சென்னை, மண்ணடி
20–12–1953

அன்புத் தங்கை மலிகாவுக்கு,

உம்மாவும் நீயும் சபுராவும் நலந்தானா? நீ கடைசியாக எழுதிய கடிதத்துக்குப் பதிலாக மூன்று கடிதம் போட்டுவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. புத்தகம் வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் சொல். வாங்கியிருந்தாலும் சொல்.

ஓர் இலக்கியச் சங்கத்தில் என் நாவலுக்கு இந்த வருஷத்துப் பரிசு கொடுக்கிறார்கள். உம்மாவிடம் சொல். ஒரு கார்டாவது போடு.

காக்கா


கீழக்கரை
14–2–1954

காக்கா அவர்களுக்கு மலிகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு சுகமாக இருக்கட்டும். உம்மா உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் இறந்துவிட்டதால் இதை முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

புத்தகம் அக்டோபர் கடைசியில் வந்தது. செல்லச்சாமி அண்ணன் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு நாள் மத்தியானம் வாசித்தேன். முதல் நாள் சங்குத்துறை, மரக்கலம், கல்யாணப் பந்தல் என்று போயிற்று. ஹமீதா பானு, நம் தெரு அப்படியே இருக்கிறது என்று பூரித்துப்போனாள். மதினிக்கும் சந்தோஷம். இரண்டாம் நாள், அந்தப் பெண் முந்தானையில் காசை முடிந்துகொண்டு கொழும்பிலிருந்து வந்தவர் வீட்டுக்குப் போகிற இடம் வந்தது.

அந்த வரியில் நிறுத்திவிட்டேன். “ஏன் புள்ள நிப்பாட்டிட்ட?” என்று உம்மா கேட்டார்கள். எழுத்து மங்கலாக இருக்கிறது என்றேன். மதினி எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத்தைப் பார்த்தபடியே வேறு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பெண் போனாள், வந்தவர் அவள் கணவன் கொடுத்ததாகக் காசு கொடுத்தார், இலங்கை அரசாங்கத்தின் கெடுபிடியால் தாமதமாகிவிட்டது என்றார். அப்படியே பக்கத்தைத் திருப்பினேன். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைக் கண்ணால் படித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாயால் சொல்ல வேண்டும். உம்மாவின் துஆவும் என் ஆமீனும்கூட அந்தப் பக்கத்தில் இருந்தன. ஒரு சொல் மாறவில்லை.

மிச்ச நாளும் அப்படித்தான். கணவனை மரக்கலம் ஏற்றி ஊருக்குக் கூட்டி வந்துவிட்டேன். தாயைச் சாகவிடவில்லை. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எம் மவனுக்கு நல்ல மனசு. அந்தப் புள்ளைய வாழ வச்சுட்டான்” என்றார்கள்.

புத்தகத்தை அன்றே அடுப்பில் வைத்திருப்பேன். என் காசில் வாங்கியிருந்தால் வைத்திருப்பேன். ஆனால் மூன்றில் ஒரு பங்குதான் என்னுடையது. மற்ற இரண்டு பங்கையும் வாங்கிக்கொள்ளக் கையில் காசில்லை, காசிருந்தாலும் ஏன் என்று கேட்பார்கள். முறைப்படி ஹமீதா பானுவிடம் கொடுத்தேன். அவள் மறுநாளே வந்தாள். “நீ வாசிச்சது வேற, இதுல இருக்கிறது வேற” என்றாள். நான் ஓலையைக் கிழித்துக்கொண்டே இருந்தேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. “தொலைஞ்சு போச்சுன்னு மதினிகிட்ட சொல்லிடவா?” என்று மட்டும் கேட்டாள். அதற்குள் மதினி அவள் வீட்டுக்கே போய் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களும் ரூபாய் கொடுத்தவர்கள்தானே.

இரண்டு நாள் கழித்து மதினி வந்தார்கள். உம்மா பாயில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னார்கள்: “எந்தம்பிக்கு அங்கன குடும்பம் இருக்கிறது எங்க வீட்டு நாலு சுவத்துக்குள்ள இருந்துச்சு. நாங்க மூடி வச்சிருந்தோம். நீ ஒங்காக்காவுக்கு எழுதி, அவரு அச்சுப் போட்டு, என் காசையே வாங்கிட்டு எனக்கே விக்கிறீக.” புத்தகத்தை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே அவர்கள் ஒரு வருஷமாக என்னோடு உட்கார்ந்து நாவல் படித்திருக்கிறார்கள். நானும் எல்லாம் மறைத்துக்கொண்டே அவர்களோடு படித்திருக்கிறேன்.

மதினி கொழும்புக்கு எழுதினார்கள். போன மாதம் ஜமாஅத்தார் இரண்டு பேர் வந்து கடிதம் ஒன்றை வாசித்தார்கள். குடும்ப மானத்தைப் புத்தகம் போட்டு விற்றவளோடு வாழ முடியாது என்று மச்சான் தலாக் சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாத மனிதர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். நான் இப்போது இத்தாவில் இருக்கிறேன், மூன்று மாதம் வாசலைத் தாண்டக் கூடாது. சபுராவைப் பள்ளியில் பிள்ளைகள் ‘கொழும்புக் காசு’ என்று கூப்பிடுகிறார்கள். அவள் போக மாட்டேன் என்கிறாள்.

ஜமாஅத்தார் போன பிறகு உம்மா, “இப்ப உள்ளபடி வாசி” என்றார்கள். வாசித்தேன். இந்த முறை ஒரு சொல் விடவில்லை. கடைசியில் தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற இடம் வந்தது.

“இதுல நான் எதனால மவுத்தாகுறேன்?” என்று கேட்டார்கள்.

“காசெல்லாம் மகள் சம்பாதிச்சதுன்னு தெரிஞ்ச அதிர்ச்சியில” என்றேன்.

உம்மா புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்து மூடினார்கள். பிறகு, “வாப்பாவைக் கடல் கொண்டுபோன அன்னைக்கே எந்திரிச்சு ஒங்க ரெண்டு பேத்துக்கும் சோறாக்குனவ நான். இதுக்கா சாவேன்? பெத்தவள இம்புட்டுத்தான் தெரிஞ்சு வச்சிருக்கான்” என்றார்கள்.

மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓலையை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினார்கள். இப்போது இரண்டு பேரும் முடைகிறோம்.

உம்மா உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொல்லவில்லை.

மலிகா


சென்னை, மண்ணடி
7–3–1954

என் அன்புத் தங்கை மலிகாவுக்கு,

அல்லாஹ் உங்கள் மூவரையும் காக்கட்டும். இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை எழுதிக் கிழித்தேன். ஊர்ப் பெயரை மாற்றினேன், ஆட்களின் பெயரை மாற்றினேன். யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன். பதிப்பாளர் விலையை மூன்று ரூபாய் என்றபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த விலைக்கு நீ வாங்க மாட்டாய், உன் கைக்கு வராது என்று நினைத்தேன். நீங்கள் பங்கு போட்டு வாங்குவீர்கள் என்பது உன் முதல் கடிதத்திலேயே இருந்தது. எனக்கு அது தோன்றவில்லை.

நீ பட்டது வீணாகவில்லை, மலிகா. படித்த பெண்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்கிறார்கள். பரிசு வழங்கிய கூட்டத்தில் ஒரு பெரியவர் அந்த முந்தானை முடிச்சைச் சொல்லிக் கண் கலங்கினார். அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன். அது உனக்குச் சேர வேண்டிய பெருமை.

இதோடு மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். மறுக்காதே. புத்தகம் ஒன்றும் தனித் தபாலில் வருகிறது. உன் பெயரும் உம்மா பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முன்பே செய்திருக்க வேண்டியது. மச்சானுக்கு நான் எழுதிப் பார்க்கட்டுமா? ஜமாஅத்தில் பேச ஊருக்கு வரட்டுமா? நீ ஒரு வார்த்தை சொன்னால் புறப்படுகிறேன்.

இன்னொன்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள். முடிவு அவசரமாக இருக்கிறது, தாயின் சாவு நம்பும்படி இல்லை என்று இங்கேயும் சிலர் சொன்னார்கள். நீ வாசிக்கும்போது மாற்றிச் சொன்னாயே, அது என்ன? பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வேறு கதை சொன்ன அந்த நான்கு நாளையும் கொஞ்சம் விவரமாக எழுது. உம்மா சொன்னதையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுது. அவசரமில்லை, ரம்ஜானுக்கு முன் கிடைத்தால் போதும்.

என்றும் உன் நன்மையை நாடும்
காக்கா


கீழக்கரை
13–6–1954

காக்கா அவர்களுக்கு ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்குத் துஆ.

இனிக் கார்டில் மட்டுமே எழுதுவேன். மணியார்டரை அப்போதே திருப்பிவிட்டேன். நோன்பும் பெருநாளும் கழிந்தன. சபுரா பள்ளிக்கூடம் போகிறாள். மழை இல்லை. நீங்கள் கேட்டது பற்றி எழுத ஒன்றுமில்லை. ஊருக்கு வர வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பிரதி கிடைத்தது. கையெழுத்துப் போட்ட தாளை வெட்டி எடுத்துவிட்டு, செல்லச்சாமி அண்ணன் மூலம் ராமநாதபுரத்தில் விற்றுவிட்டேன். புதிது போலவே இருந்ததால் நல்ல விலை கிடைத்தது. அந்தக் காசோடு ஹமீதா பானு பங்கும் சேர்த்து, போன வாரம் வெளியான ஒரு நாவல் வாங்கியிருக்கிறோம். வேறு யாரோ எழுதியது. மத்தியானங்களில் உம்மாவுக்கு வாசிக்கிறேன். நன்றாக இருக்கிறது. யார் வீட்டில் நடந்ததோ தெரியவில்லை.

மலிகா